கொழுந்துத் தொட்டியில் ஜாவா ராஜாக்கள்

சின்னராஜுக்குத் தேயிலைக் கொழுந்தைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. அதுதான் அவனைக் கெடுத்தது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. அப்புறம் யாரும் அவனை முட்டாள் என்று எடுத்த எடுப்பில் நினைத்துவிடக் கூடாது.

பந்தலூரைத் தாண்டி, மலை கேரளத்துப் பக்கம் சரிகிற இடத்தில் இருந்த தொழிற்சாலையில் அவனுக்கு வாட்டுகிற வேலை. பறித்து வந்த பச்சைக் கொழுந்தை நீளமான தொட்டிகளில் கம்பி வலைமேல் பரப்பி, அடியிலிருந்து விசிறிக் காற்றை விட்டு, பாதி ஈரம் போகிறவரை வாட்ட வேண்டும். மழை நாளில் காற்றோடு கொஞ்சம் சூடும் கலந்து விடுவார்கள். சின்னராஜ் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் அமுக்குவான், மூக்கருகே கொண்டுபோவான், "இன்னுங் கொஞ்சம் கெடக்கட்டும்" என்பான். டீமேக்கர் மறுபேச்சுப் பேச மாட்டார். பதுளையில் பிறந்து, பதுளைத் தோட்டத்தில் வேலை கற்றவன். இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோது இந்தியாவின் பங்கில் விழுந்து, கப்பலேறி வந்தவன். வந்து ஏழு வருஷமாகியும் இங்கே அவனுக்குப் பெயர் சிலோன்காரன்தான். அங்கே இருந்தவரை இந்தியாக்காரன் என்றார்கள்.

அவன் மனைவி ஜுனைதா இலங்கை மலாய்க்காரி. மலாய் என்று பொதுவாகச் சொல்வதுதான், அவர்களுடைய மூதாதை ஜாவாவிலிருந்து வந்தவன். அங்கே ஒரு இளவரசன் ஒல்லாந்தருடைய கும்பினியோடு முறைத்துக்கொள்ள, அவனையும் அவன் மனைவிமாரையும் சமையல்காரர்களையும் எழுத்தனையும் மூட்டை முடிச்சோடு சிலோனில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். ஜாவா மொழியில் நாடு கடத்துவதற்கே 'சிலோனாக்குவது' என்றுதான் சொல் என்று ஜுனைதா ஒரு தடவை சொன்னபோது, சின்னராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்கள மட்டும் சிலோன்ல இருந்து கடத்திட்டானுங்க. அதுக்கு ஒரு சொல்லு இருக்கா பாரு" என்றான். சிரித்து முடித்ததும் இருவருக்கும் சங்கடமாகப் போய்விட்டது.

நீ அப்போ இளவரசியா என்று கேட்டால் ஜுனைதா சிரிப்பாள். அவள் இளவரசனின் வம்சமல்ல, எழுத்தனின் வம்சம். அந்த எழுத்தன் கண்காணாத தீவில் உட்கார்ந்து, தன் அரண்மனையின் கதையை முதல் ராஜாவிலிருந்து கப்பலேறிய நாள்வரை முழுக்கப் பாட்டாகவே எழுதி வைத்தான். பாஷை ஜாவா, எழுத்து அரபு. ஒவ்வொரு படலத்துக்கும் ஒரு மெட்டு. பிள்ளை பிறந்தால் ஒன்று, படை புறப்பட்டால் ஒன்று, அழுகைக்கென்று தனியாக ஒன்று. ஒரு படலம் முடிகிற கடைசி அடியிலேயே அடுத்த மெட்டு என்ன என்பதற்கு ஒரு குறிப்பு ஒளிந்திருக்கும். எடுத்த எடுப்பில், என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது, படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும் என்று எழுத்தன் கெஞ்சியிருக்கிறானாம். ஆனால் கையெழுத்து என்னவோ முத்து முத்தாகத்தான் இருந்தது.

அந்தப் புத்தகத்தின் ஒரே பிரதி ஜுனைதாவின் தகரப் பெட்டியில், மஞ்சள் துணியில் சுற்றி இருந்தது. நபிகள் நாயகம் பிறந்த மாதத்தில் ஒரு நாள் குளித்து, சாம்பிராணி போட்டு, புத்தகத்தைத் தலையணைமேல் வைத்துப் பிரிப்பாள். மூங்கில் பட்டை ஒன்றால் ஓரத்தை நெம்பித்தான் தாளைப் புரட்டுவாள். எழுத்தின்மேல் விரல் படவே படாது. ஒரு படலம் பாடிவிட்டு மூடிவிடுவாள். பாஷை அவளுக்கு அரையும் குறையுமாகத்தான் தெரியும், அர்த்தத்தை அவள் வாப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனால் எழுத்துக் கூட்டிப் பாட அந்தக் குடும்பத்தில் அவளைத் தவிர வேறு ஆளில்லை. வாப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. அண்ணன் ரஸீன் பதுளைப் பொலிஸில் சார்ஜன்ட். அவனுக்கு மெட்டும் வராது, பொறுமையும் கிடையாது.

அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பார்த்துத்தான் பாட வேண்டும். மனப்பாடம் பண்ணக் கூடாது. மனசில் போட்டு வைத்தால் மனசு தன் இஷ்டத்துக்கு ஒரு சொல்லை மாற்றிவிடும், தோற்ற ராஜாவை ஜெயிக்க வைத்துவிடும், செத்தவர்களின் கதையில் பொய் கலக்கிற பாவம் பாடினவளைச் சேரும். நாலு அடி சேர்ந்தாற்போல நினைவில் தங்குகிறது என்று தெரிந்தால் அந்தப் படலத்தைக் கொஞ்ச காலம் பாடாமல் விட்டுவிடுவார்கள். பிரதி எடுப்பதென்றாலும் பாஷை முழுக்கத் தெரிந்தவன்தான் எடுக்கலாம், அப்படி ஒருவன் பிறந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது.

கப்பலுக்குப் புறப்பட்ட நாளில் வாப்பா இந்தப் புத்தகத்தைத் தூக்கி மகள் கையில் கொடுத்தார். தோட்டத்துத் தமிழனைப் பதிவுத் திருமணம் பண்ணிக்கொண்டவள், சாதி சனமெல்லாம் முகம் சுளித்தவள், அவள் கையில். ரஸீன் குதித்தான். "இவ கையில போனா பத்து வருஷத்துல இது ஏதாவது பழைய சாமான் கடையில கெடக்கும்" என்று ஆட்களை வைத்துக்கொண்டே சொன்னான். வாப்பா புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அண்ணன் தங்கைக்கு ஒரு வரி எழுதியதில்லை. சின்னராஜை ஒரு நாளும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை.

அந்த அண்ணனிடமிருந்து எண்பத்தொன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் கடிதம் வந்தது. அன்புள்ள தங்கச்சி என்று ஆரம்பித்திருந்தது. வாப்பாவுக்கு இளைப்பு அதிகமாகிவிட்டது, டாக்டர் கைவிட்டுவிட்டார். அந்தக் குடும்பத்தில் பெரியவர் போகிற நேரத்தில் புத்தகத்தை நெஞ்சில் வைத்து, பிறகு பிரித்து, கடைசிப் படலத்தை, அதாவது கப்பல் கரை சேருகிற படலத்தை, பாடிக் கேட்க வைப்பது வழக்கம். வாப்பா அதற்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். உனக்கு விசா கிடைப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். கண்டியில் அரபு எழுத்துப் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார், மெட்டும் சுமாராகத் தெரியும் என்கிறார். நானே வந்து புத்தகத்தை எடுத்துப் போகிறேன். புதன்கிழமை வந்துவிடுவேன்.

ஜுனைதா அந்தக் கடிதத்தைப் படித்து அழுதாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம் மறுபடி அழுதாள். "பாத்தீங்களா, தங்கச்சின்னு எழுதிருக்காரு" என்றாள். புத்தகத்தைத் தலை நிமிர்ந்து அண்ணன் கையில் கொடுக்கப் போகிறாள். இவளை நம்பிக் கொடுத்தது சரிதான் என்று பதுளை முழுக்கப் பேச்சாகும். வாப்பா நெஞ்சில் அதை வைத்துக்கொண்டு போவார். அவளுக்கு இந்த உலகத்தில் அதற்கு மேல் ஒரு ஆசையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் புது மஞ்சள் துணியும் சாம்பிராணியும் வாங்க கூடலூருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

பந்தலூர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? அது பெய்கிற மழை அல்ல, குடியிருக்க வருகிற மழை. அன்று பகலில் அடித்த காற்றில், அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னாலிருந்த சில்வர் ஓக் கிளை முறிந்து கூரைமேல் விழுந்தது. தகரம் பிய்ந்தது. சின்னராஜ் சாக்கைக் கட்டி அடைத்துவிட்டு உள்ளே ஓடி வந்து பார்த்தபோது, தண்ணீர் நேராக அந்தப் பெட்டியில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. மூடி வெகு நாளாகச் சரியாகப் பொருந்தாது. நாளைக்குத் தட்டித் தருகிறேன் என்று அவன் சொல்லி ஒரு வருஷம் இருக்கும்.

மஞ்சள் துணியைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. புத்தகம் ஊறிக் கனத்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்துக்கொண்டு, ஜுனைதா வருகிறவரை அதைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் சின்னராஜ் கொழுந்துக்காரன். ஈரத்தோடு குவிந்து கிடக்கிற இலையை அப்படியே விட்டால் உள்ளுக்குள் சூடேறிச் சிவந்துபோகும், புளித்த வாடை வரும், அப்புறம் அது குப்பைக்குத்தான் ஆகும். இருபது வருஷமாக அவன் கை படித்த பாடம் இது ஒன்றுதான்: நனைந்ததை உடனே பிரி, பரப்பு, காற்று விடு. இன்றைக்கு ஞாயிறு, கொழுந்து வராது, தொட்டிகள் காலி. அவள் சாயங்காலம் வருவதற்குள் காயவைத்து, நனைந்த சுவடே தெரியாமல் கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தான். நினைக்கும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தொழிற்சாலை வாசலில் காவலாளி வேலுசாமி குமுட்டி அடுப்பில் குளிர் காய்ந்துகொண்டிருந்தான்.

"ஏனுங்க சின்னராஜண்ணா, லீவு நாள்ல பெட்டியத் தூக்கிட்டு எங்கீங்க?"

"ஊட்டுல தண்ணி பூந்துருச்சு வேலுசாமி. சம்சாரத்தோட புஸ்தகம் நனைஞ்சுபோச்சு. கொஞ்சம் காத்து காட்டிக்கிறேன்."

"அதுக்கென்னங்க, காட்டுங்க. உள்ள காத்தச் சூடாக்குற அடுப்புல இன்னும் நெருப்பு இருக்குதுங்க. டீமேக்கர் ஐயா ஊட்டிக்குப் போயிட்டாரு, யாரு கேக்கப்போறா."

சின்னராஜ் குழாயடியில் தலையோடு குளித்தான். சட்டையைக் கழற்றி வைத்தான். மாரியம்மனைக் கும்பிட்டு, ஜுனைதாவின் அல்லாவையும் மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டான். அவள் எழுத்தைத் தொடாமல் மூங்கில் பட்டையால் தாள் புரட்டுவது மரியாதைக்காக என்றுதான் அவன் இத்தனை வருஷமும் நினைத்திருந்தான். கோயிலில் விக்ரகத்தைத் தொடாத மாதிரி. சுத்தமான கையென்றால் தொடலாம், ஆபத்துக்குப் பாவமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். தையல் நூல் இற்றுப்போயிருந்தது, இழுத்ததும் வந்துவிட்டது. தாள் தாளாகப் பிரித்து வலைமேல் பரப்பினான். பறக்காமலிருக்க மேலே இன்னொரு வலையைப் போட்டான். விசிறியைப் போட்டு, சூட்டைத் திறந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தான். நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது ஈரம். கொழுந்தைப் புரட்டிவிடுவது போல ஒவ்வொரு தாளையும் புரட்டிப் போட்டான். வாப்பா கைக்குப் போகிற பொருள், பாதி ஈரத்தோடு போகக் கூடாது, முறுமுறுவென்று இருக்க வேண்டும் என்று சூட்டை இன்னும் கூட்டினான். தாள்கள் ஓரம் வெளுத்து, சுருக்கம் நீங்கி, புதுசு மாதிரி கிடந்தன. இந்த மாதிரி வாட்டம் இந்த மாதத்தில் ஒரு நாள்கூட அமையவில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

மேல் வலையை ஒரு ஓரமாக விலக்கி முதல் தாளைத் தூக்கினான். தாள் வந்தது, எழுத்து வரவில்லை.

எழுத்து இருந்த இடமெல்லாம் பொத்தலாகியிருந்தது. வரி வரியாக, எழுத்தின் வடிவத்திலேயே பொத்தல். எழுத்துக்கள் பழுப்புத் தூளாக உதிர்ந்து வலைக்குக் கீழே விழுந்தன. அவன் அடுத்த தாளை எடுத்தான். அடுத்ததை எடுத்தான். இது மட்டும் சரியாக இருக்கும், இது மட்டும் சரியாக இருக்கும் என்று கடைசித் தாள்வரை எடுத்துப் பார்த்துவிட்டான். எடுக்காமல் விட்டிருந்தாலாவது சில வரி அந்த இடத்திலேயே நின்றிருக்கும். விசிறி ஓடிக்கொண்டிருப்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. உதிர்ந்த தூளெல்லாம் எழும்பி, தொழிற்சாலையில் எப்போதும் மிதக்கிற தேயிலைப் பஞ்சோடு பஞ்சாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் விசிறியை நிறுத்தினான். குனிந்து, மண்டியிட்டு, உள்ளங்கையால் வழித்து வழித்துச் சேர்த்தான். எது தேயிலை, எது எழுத்து என்று அவனுக்கே தெரியவில்லை. கொழுந்தைப் பார்த்த மாத்திரத்தில் தோட்டத்தின் பெயர் சொல்லுகிறவனுக்குத் தெரியவில்லை.

மீதித் தூள் தொட்டிக்கடியிலேயே கிடந்தது. திங்கட்கிழமைக் கொழுந்து அந்த வலைமேல்தான் விழுந்தது. அந்த வாரத்துத் தேயிலைத் தூளில் எத்தனை ராஜாக்கள் கலந்து போனார்கள், எந்த ஊர்க் கடையில் யார் அவர்களைப் பால் ஊற்றிக் குடித்தார்கள் என்பதை யார் கண்டது?

சாயங்காலம் ஜுனைதா நனைந்துகொண்டே வந்தாள். புது மஞ்சள் துணியை மட்டும் நனையாமல் ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள். பாயில் அடுக்கி வைத்திருந்த தாள்களைப் பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு குனிந்து ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்தாள். பொத்தல் வழியாக வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

"யார் தொட்டது?"

"நாந்தான். குளிச்சிட்டுத்தான் தொட்டேன் ஜுனைதா."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுகிற குரலில் சொன்னாள். "அது இரும்பும் கடுக்காயும் போட்டுக் காய்ச்சின மசி. ஒல்லாந்துக்காரன் மசி. கொழுந்துக் கறை கத்தியில பட்டா கறுக்குமே, அதே சாதிதான். எழுதின நாள்ல இருந்து காகிதத்தத் தின்னுக்கிட்டே இருக்கும். அதனாலதான் தொட மாட்டோம். ஈரம் பட்டா நெழல்ல அப்படியே விட்டுடணும். சூடு ஆகவே ஆகாது."

"எங்கிட்ட சொல்லலியே நீ."

"நீங்க கேக்கலியே" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை.

பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் படலத்தைப் பாட ஆரம்பித்தாள். கட்டுப்பாடு கிடக்கட்டும் என்று துணிந்துவிட்டாள் போலிருக்கிறது. முதல் அடி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் மெட்டு மட்டும் போயிற்று, சொல் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். மறுபடி அதே இடத்தில் நின்றாள். மனசில் தங்கவிடக் கூடாது என்று குழந்தையிலிருந்து பழகின பழக்கம், அவ்வளவு சுத்தமாகப் பழகியிருந்தாள். கப்பல் கடல் நடுவிலேயே நின்றுவிட்டது. "எனக்குத் தெரியலியே, எனக்கு ஒண்ணுமே தெரியலியே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சின்னராஜ் அவள் கையைப் பிடித்தான், அவள் விடுவித்துக்கொண்டாள். திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

புதன்கிழமை ரஸீன் வந்தான். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, ரயிலும் பஸ்ஸுமாக மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. நரைத்துவிட்டான். வாசலில் தங்கையைக் கண்டதும் குடையைக் கீழே போட்டுவிட்டு அவள் தலையில் கை வைத்தான். "வாப்பா உன் பேரத்தான் சொல்லிக்கிட்டே கெடக்காரு ஜுனைதா. நான் ஒண்ணு சொன்னா கேக்கவா போறாரு, எம்மகதான் கொண்டுவருவான்னு கதவப் பாத்துக்கிட்டே இருக்காரு" என்றான். பிறகு சின்னராஜைப் பார்த்து, தயங்கி, "சுகமா மச்சான்?" என்றான். அந்தச் சொல்லைக் கேட்டதும் சின்னராஜுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஜுனைதா அவனை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, புது மஞ்சள் துணியை விரித்து, உள்ளே இருந்ததை எடுத்துக் காட்டினாள்.

ரஸீன் தாளை எடுத்தான், வைத்தான். இன்னொன்றை எடுத்தான். "இது என்னா?" என்றான்.

சின்னராஜ் சொன்னான். கிளை விழுந்தது, பெட்டி நனைந்தது, தொட்டியில் பரப்பியது, சூட்டைக் கூட்டியது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் காதுக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

ரஸீன் முப்பது வருஷம் பொலிஸில் பொய் கேட்டவன். பொறுமையாகக் கேட்டு முடித்தான். "புஸ்தகத்த கொழுந்து மாதிரி வாட்டினீங்க" என்றான்.

"ஆமா."

"இத நான் நம்பணும்."

"சத்தியமா மச்சான், எங்கம்மா மேல..."

"அந்தப் பேச்சு வேணாம். எவனாவது செய்வானா இத? பைத்தியக்காரன்கூட செய்ய மாட்டான்." அவன் தங்கையின் பக்கம் திரும்பினான். "எங்க ஜுனைதா அது? யாருகிட்ட குடுத்த? இது ஏதோ பழைய காகிதம், சுட்டு வச்சிருக்கீங்க. அசல் எங்க?"

வெளியே மழை இரைந்துகொண்டிருந்தது. அவள் ஒரு கேள்வி கேட்டாள். "வாப்பாகிட்ட என்னா சொல்லுவீங்க?"

"என்னாத்த சொல்ல? அழிஞ்சுபோச்சுன்னு சொன்னா அந்த நிமிஷமே மூச்சு நின்னுடும். அந்தப் புஸ்தகத்துக்காகத்தான் அந்த மனுஷன் இன்னும் கெடக்காரு."

"எங்கயோ இருக்குன்னு சொன்னா?"

"இருந்தாத்தானே சொல்ல."

ஜுனைதா தாள்களை மெதுவாக அடுக்கினாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "இருக்கு. வித்துட்டேன்."

சின்னராஜ் வாயைத் திறந்தான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான். அவன் வாயை மூடிக்கொண்டான். மூடியிருக்கக் கூடாது என்று சாகிறவரை நினைத்துக்கொண்டிருந்தான். திறந்திருக்கவும் கூடாது என்பதும் அவனுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் அடைபட்ட மனுஷன் என்னதான் செய்வான்?

"ஊட்டிக்கு ஒரு ஒல்லாந்துக்காரர் வந்திருந்தாரு" என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். சாட்சி சொல்லுகிறவள் போலத் தடங்கல் இல்லாமல் சொன்னாள். "இந்த மாதிரிப் புஸ்தகமெல்லாம் சேக்கறவரு. அவங்க ஊருல பெரிய நூலகமாம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்களாம், மழையும் படாதாம், பூச்சியும் வராதாம். படிக்கத் தெரிஞ்சவங்க அங்க இருக்காங்களாம். நீங்க வர்றதா எழுதினதும் பயந்துபோய், இவரத்தான் பழைய காகிதத்தச் சுட்டுத் தரச் சொன்னேன். வாப்பாகிட்ட சொல்லுங்க, புஸ்தகம் நல்லாருக்குன்னு."

ரஸீன் எழுந்தான். அவன் முகத்தில் கோபத்தைவிட வேறொன்று அதிகமாக இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் தான் சொன்னது பலித்துவிட்டதே என்று அவன் சந்தோஷப்படவில்லை, அது பொய்யாகிவிட வேண்டும் என்றுதான் கடல் தாண்டி வந்திருந்தான். "நம்பித்தான வந்தேன்" என்றான். "நம்பித்தான ஜுனைதா வந்தேன்." அவள் ஆக்கி வைத்திருந்த சோற்றைத் தொடவில்லை. கீழே கிடந்த குடையை எடுக்க மறந்து, மழையில் இறங்கிப் போனான்.

சின்னராஜ் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். பஸ் நிற்கிற இடத்தில் அவனைப் பிடித்து, "மச்சான், அவ சொன்னது..." என்று ஆரம்பித்தான். நெஞ்சில் கை வைத்தபடி கதவைப் பார்த்துக் கிடக்கிற கிழவர் அவன் கண்ணுக்கு வந்தார். "அவ சொன்னத வாப்பாகிட்ட மறக்காம சொல்லுங்க" என்று முடித்தான். ரஸீன் குடையை வாங்கவில்லை.

மாதம் திரும்புவதற்குள் கடிதம் வந்தது. தபால்காரர் தொழிற்சாலையில் சின்னராஜ் கையிலேயே கொடுத்தார். அவன் அங்கேயே படித்தான். கிழித்துப் போட்டுவிடலாமா என்று நினைத்தான். அவளுக்கு அவன் செய்தது போதாதென்று அதையும் செய்ய மனம் வரவில்லை. வீட்டுக்குப் போய் அவளிடம் நீட்டினான். அவள் வாங்காமல், "படிங்க" என்றாள்.

படித்தான். "வாப்பா வெள்ளிக்கிழமை மௌத்தானார், அடக்கமும் முடிந்தது. நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். புத்தகம் கண்ணாடிப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, படிக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்றேன். சிரித்தார். மகள் விற்றாளா என்று கேட்டார், ஆம் என்றேன். கஷ்டத்தில் செய்திருப்பாள், மன்னித்துவிடுங்கள் என்று உனக்காக நான் அவர் காலைப் பிடித்துக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் பேசவில்லை."

அவ்வளவுதான் கடிதம். கையெழுத்துக்கூட இல்லை.

"சிரிச்சாரா?" என்று ஜுனைதா கேட்டாள்.

"சிரிச்சாருன்னுதான் எழுதிருக்கு."

"அந்த எடத்த மட்டும் இன்னொருக்கா படிங்க."

அவன் படித்தான். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். சின்னராஜ் அடுப்பைப் பற்ற வைத்தான், சோறு வடித்தான், கூப்பிட்டான். அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.